மூன்றாண்டுக் கட்சியும் திருகோணமலைத் துறைமுகமும்

இலங்கை இடதுசாரி இயக்கத்தைப் பற்றிப் பேசுவோர், 1935இல் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சியிலிருந்து 1943இல் அமைந்த கம்யூனிஸ்ட் கட்சிக்கு ஒரே அடியில் தாவிவிடுவதுண்டு. இடையில், 1940 நவம்பரில் பிறந்து, பிரித்தானிய ஆட்சியின் தடைக்குள்ளாகி மறைந்த ஐக்கிய சோசலிசக் கட்சி ஓர் அடிக்குறிப்பாகவே எஞ்சுகின்றது. அதனை வெறும் படிக்கட்டாகக் கருதுவது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

1939 டிசம்பரில் சமசமாஜக் கட்சியின் செயற்குழு மூன்றாம் அகிலத்தின் மீது நம்பிக்கையின்மைத் தீர்மானம் நிறைவேற்றிற்று. அதனை ஏற்க மறுத்தோர் விலக்கப்பட்டனர். அவர்களைக் கொண்டே புதிய கட்சி எழுந்தது. எஸ். ஏ. விக்கிரமசிங்க, எம். ஜி. மெண்டிஸ், பீற்றர் கெனமன் முதலியோருடன் அ. வைத்திலிங்கம், கே. இராமநாதன் என்னும் தமிழரும் அதில் முன்னின்றனர்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவ்வேளையில் இரு சாராருமே நடைபெறும் போரை ஏகாதிபத்தியப் போர் என்றே கண்டித்தனர். எனவே பிளவு இலங்கையின் நிலைமை பற்றி எழுந்ததன்று. உலக இயக்கத்தின் தலைமை மாஸ்கோவுக்கு உரியதா என்பது பற்றியதே. 1941 ஜூன் 22இல் ஹிட்லரின் படைகள் சோவியத் நாட்டினுள் புகுந்தன. அதன்பின் ஏகாதிபத்தியப் போர் மக்கள் போராயிற்று.

இம்மாற்றத்தைத் திருகோணமலையிலிருந்து நோக்கினால் அதன் வலுவும் குறையும் ஒருங்கே தோன்றும். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தையும் சீனன்குடா எண்ணெய்க் குதங்களையும் தாக்கின. அன்றே ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிற்று. பாசிச அபாயம் மாஸ்கோவின் கற்பனை அன்று. அது கரையிலிருந்தோரின் கண்முன் எரிந்தது. இவ்வகையில் மக்கள் போர் என்னும் முழக்கத்தை வெறும் எதிரொலி என்று தள்ளிவிட இயலாது.

ஆயினும் முழக்கத்தை மாற்றிய நிகழ்ச்சி குண்டு விழுவதற்கு ஏறத்தாழப் பத்து மாதங்கள் முன்னரே ஐரோப்பாவில் நிகழ்ந்துவிட்டது. துறைமுகமும் அதுவே, தொழிலாளரும் அவரே, ஆள்வோரும் அவரே; மாறியது பெயர் மட்டுமே. சரியான முடிவாயினும் அதன் நியாயம் சொந்த மண்ணிலிருந்து எழாதபோது, ஆட்சியை எதிர்க்கும் உரிமையை எவ்வளவு காலம் ஒத்திவைப்பது என்னும் வினாவுக்கு விடை கிடைப்பதில்லை. சுதந்திரம் 1948இல் வந்த பின்னரும் பிரித்தானியக் கடற்படை 1957 வரை இத்துறைமுகத்தை விட்டகலவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

ஐக்கிய சோசலிசக் கட்சி சிறிது காலமே வாழ்ந்தது. அது விட்டுச்சென்ற வினாவோ நெடுங்காலம் வாழ்ந்தது. 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி மாஸ்கோ சார்பாகவும் பீக்கிங் சார்பாகவும் இரண்டானபோது அதே வினா மீண்டும் தலைதூக்கிற்று. உலக நோக்கு இடதுசாரிக்கு இன்றியமையாதது. அந்நோக்கினால் உள்ளூர் உண்மையை அளப்பது வேறு, மறைப்பது வேறு. இவ்வேறுபாட்டை உணராத கட்சி நீண்டு வாழினும் அதன் வரலாறும் அடிக்குறிப்பாகவே முடியும்.