ஒற்றைச் சாட்சி

ஆர்.என்.ஏ.வின் எழுத்துகள் நான்கே என்று பாடப்புத்தகம் கூறினாலும், புள்ளி வைத்தவுடன் எழுத்தின் ஒலி மாறிவிடுவதுபோல, அவ்வெழுத்துகளின்மேல் உயிரணு தானே ஏற்றிவைக்கும் ரசாயன மாற்றங்கள் 170க்கும் மேற்பட்டவை என்பதும், 1951இல் அறியப்பட்ட சூடோயூரிடின் அவற்றுள் மூத்தது என்பதும் இன்று தெளிவாகியிருக்கின்றன. ஆரோக்கியமான திசுவிலும் வியாதியுற்ற திசுவிலும் இம்மாற்றங்களை ஒப்பிட்டாராயும் முறையை வெறும் சம்பிரமம் என்று தள்ளிவிடுவது நியாயமன்று. அடினோசினில் மீதைல் தொகுதியை ஏற்றும் மெட்டில்3 என்னும் நொதியைத் தடுத்தால் ரத்தப் புற்றுநோய் கண்ட எலிகளின் ஆயுள் நீடிக்கிறது என்று 2021இல் நிரூபிக்கப்பட்டது, மரபணுவின் எழுத்துவரிசையை மட்டும் படித்திருந்தால் கிட்டியிராத ஞானம்.

ஆயினும் இம்முறையின் குறை அதன் கருவியிலேயே குடிகொண்டிருக்கிறது. மாற்றமுற்ற எழுத்தை அடையாளங்கண்டு பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைக் கொண்டு, தூது ஆர்.என்.ஏ.வில் 1-மீதைல்-அடினோசின் ஆயிரக்கணக்கான இடங்களில் உண்டென்று 2016இல் அறிவித்தார்கள். மறு ஆண்டே, ஒவ்வோர் எழுத்தாகப் பார்க்கும் நுண்முறையால் வேறொரு குழுவினர் சோதித்தபோது எஞ்சியவை மிகச் சொற்பம். அந்த எதிர்ப்பொருள் தூது ஆர்.என்.ஏ.வின் தலைப்பில் இருக்கும் வேறொரு மீதைல் எழுத்தையும் சேர்த்துப் பற்றிக்கொண்டது என்ற ரகசியம் 2019இல் வெளிப்பட்டது. நிறை நிறமாலைமானி அளவைப் பிசகின்றிச் சொல்லும் என்பார்கள்; சொல்லும்தான், ஆனால் ஆர்.என்.ஏ.வைத் தனித்தனி எழுத்துகளாக உதிர்த்த பிறகே சொல்வதால், எந்த இடத்து எழுத்து என்பது அதற்குத் தெரியாது.

கருவியைவிடத் திசுவே பெரிய சங்கடம். அறுவைக்கூடத்தில் வெட்டியெடுத்த கட்டித் துண்டு திரவ நைட்ரஜனைச் சேர்வதற்குள் ஆர்.என்.ஏ. சிதையத் தொடங்கிவிடலாம், அத்துண்டிலோ புற்றணுக்களுடன் ரத்தநாள அணுக்களும் படையெடுத்து வந்த வெள்ளணுக்களும் கலந்திருப்பதால், எந்த அணுவிலும் எந்த மாற்றமும் நிகழாமலே, கலவையின் விகிதம் மாறிய ஒரே காரணத்தால் சராசரி மாறிவிடக்கூடும். ‘ஆரோக்கியமான திசு’ என்று பக்கத்தில் வைக்கப்படுவதும் பெரும்பாலும் அதே நோயாளியின் கட்டிக்கு அண்டையிலிருந்து எடுத்ததே. அண்டை வீட்டில் நெருப்புப் பிடித்திருக்கும்போது இந்த வீட்டைச் சகஜநிலையில் இருப்பதாகக் கொள்வது எப்படிப் பொருந்தும்?

எதிர்ப்பொருளின் துணையின்றி ரசாயன முறையால், மெட்டில்3 ஏற்றும் மீதைலை ஒவ்வோர் எழுத்தாக அளக்கும் குளோரி முறை 2022இல் வந்துவிட்டது, ஆர்.என்.ஏ. இழையை நுண்துளை வழியே நேராகச் செலுத்திப் படிக்கும் கருவியும் இருக்கிறது. இவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, ஒரே எதிர்ப்பொருளின் சாட்சியத்தை மட்டும் நம்பி எழுதப்பட்ட ஒப்பீட்டை, மேலும் ஆராயத்தக்க சந்தேகமாக ஏற்பேனே தவிர, சிகிச்சைக்கு ஆதாரமாகக் கொள்ள நான் சம்மதியேன்.