பலேனோ எஞ்சின் போட்ட ஜிப்ஸி

நண்பர் ஒருவர் தன் 1997 மாடல் ஜிப்ஸி கிங்கில் பலேனோ எஞ்சினை ஏற்றியிருக்கிறார். இப்போது தெருவெல்லாம் ஓடும் ஹேட்ச்பேக் பலேனோ அல்ல, 1999-இல் மாருதி இறக்கிய செடான். இரண்டு நாள் வண்டி என் கையில் இருந்தது. ஆழியாறிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, மேலே தெரிந்தவருடைய எஸ்டேட்டின் கல் பாதையிலும் ஓட்டிப் பார்த்தேன்.

ஜிப்ஸி கிங்கோடு வந்தது 1298 சிசி கார்புரேட்டர் எஞ்சின், 60 குதிரைத்திறன். சமதளத்தில் குறை சொல்ல முடியாது. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறினால்தான் மூச்சு வாங்கும். பலேனோவுடையது 1590 சிசி, 16 வால்வு, 94 குதிரைத்திறன். இரண்டும் சுசூகியின் ஜி வரிசையில் வந்தவை என்பதால் ஜிப்ஸியின் கியர்பாக்ஸோடு அப்படியே சேர்ந்துகொள்கிறது. கனமான டீசல் எஞ்சினைத் திணித்து முன் பட்டை அமுங்கிப்போன ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அதற்காக வேலை குறைவு என்று நினைக்க வேண்டாம். பலேனோவில் எஞ்சின் குறுக்காக நிற்கும், ஜிப்ஸியில் நீளவாக்கில். முன் ஆக்ஸில் எழும்பும்போது இடிக்கக் கூடாது என்று சம்ப்பும் அதற்குள் இருக்கும் ஆயில் குழாயும் ஜிப்ஸியுடையதையே போட்டிருக்கிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் பின்னால் ஃபயர்வாலில் முட்டியதால் தகட்டை உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி உள்ளே தள்ளியிருக்கிறார்கள். பானெட்டைத் திறந்து இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தேன். ஒரு விரல்தான் நுழைந்தது.

கஷ்டம் கொடுத்தது வயரிங்தான். கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்ததால் ஈசியூ, சென்சார்கள், எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப், டேங்குக்குத் திரும்பும் குழாய் எல்லாம் புதிதாகச் சேர வேண்டும். முதலில் வேலை செய்த பட்டறை வயர்களை முறுக்கி டேப் சுற்றி விட்டிருந்தது. முழங்கால் அளவு ஓடையில் இறங்கியதும் வண்டி நின்றுபோனது. இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பையும் சால்டர் வைத்து, ஈசியூவை டாஷ்போர்டுக்குள் உயரத்தில் கட்டிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. நானும் அதே அளவு தண்ணீரில் இறக்கிப் பார்த்தேன், எஞ்சின் ஒருமுறைகூட விக்கவில்லை.

வால்பாறை ஏற்றத்தில் பெரும்பாலான வளைவுகளை இரண்டாவது கியரிலேயே எடுத்தேன். கல் பாதையில் லோ ரேஞ்சில் ஆக்சிலரேட்டரைத் தொட்டாலே போதும், வண்டி பதறாமல் ஏறுகிறது. ரேடியேட்டரையும் பெரிதாக மாற்றியிருப்பதால் வெப்பமுள் நடுவைத் தாண்டவே இல்லை.

இறக்கத்தில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. பிரேக் பழையதேதான். கூடிய வேகத்துக்கு அது போதவில்லை, கடைசி வளைவுகளில் பெடல் மெத்தென்று ஆகிவிட்டது. எஞ்சினுக்குச் செலவு செய்பவர் பிரேக்குக்கும் சேர்த்துப் பணம் எடுத்துவைக்க வேண்டும்.

இன்னொன்று. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு எஞ்சின் மாற்றுவதற்கும் பொருந்தும். எஞ்சினை வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். புதிய எஞ்சின் எண் ஆர்.சி.யில் ஏறாமல் வண்டியைச் சாலையில் இறக்காதீர்கள்.