யுகுர்த்தாவின் மௌனம்: சலுஸ்துவின் வரலாற்று நூல் பற்றிய ஒரு நோக்கு

பண்டைய வட ஆபிரிக்காவை ஆண்ட பேர்பர் மன்னரைப் பற்றி நாம் அறிவனவற்றுட் பெரும்பகுதி, கிரேக்க, உரோம ஏடுகளிலிருந்தே கிடைப்பதாகும். 'பேர்பர்' என்னும் பெயருங்கூட, தம் மொழி பேசாதாரைச் சுட்டக் கிரேக்கர் வழங்கிய சொல்லோடு தொடர்புடையது. அம்மக்கள் தம்மை அமாசிக் எனும் பெயராலேயே வழங்குவர். இந்நிலையில், நுமீதிய மன்னன் யுகுர்த்தாவுக்கும் உரோமருக்கும் நிகழ்ந்த போரினை (கி. மு. 112-105) விரித்துரைக்கும் சலுஸ்துவின் நூலை எவ்வாறு வாசிப்பது என்னும் வினா முக்கியத்துவம் பெறுகின்றது.

சலுஸ்து வெறும் ஏட்டறிவினர் அல்லர். கி. மு. 46இல் முதலாம் யூபா தோல்வியுற்று அவனது நாடு உரோம மாகாணமானபோது, சீசரால் அங்கு ஆளுநராக நியமிக்கப்பட்டவர் அவரே. அம்மாகாணத்து மக்களைச் சூறையாடினார் என்ற குற்றச்சாட்டும் அவர்மீது உண்டு. அரசியலிலிருந்து விலகிய பின்னரே அவர் வரலாறெழுதப் புகுந்தார். உரோம உயர்குடியினரின் செருக்கு முதன்முதலாக எதிர்க்கப்பட்ட காலம் அதுவாதலாலும் அப்போரைத் தெரிந்துகொண்டதாக அவரே கூறுகின்றார். எனவே, நூலின் உண்மைப் பொருள் நுமீதியா அன்று. உரோமே என்பது தெளிவு.

இந்நோக்கம் பாத்திரப் படைப்பினை நிர்ணயிக்கின்றது. இளமையில் யுகுர்த்தா குதிரையேற்றத்திலும் வேட்டையிலும் சிறந்தவனாய், தன்புகழ் பேசாதவனாய்க் காட்டப்படுகின்றான். ஸ்பெயினில் நுமாந்தியா முற்றுகையின்போது (கி. மு. 134-133) உரோம நண்பர்களே, பணத்தால் உரோமில் எதனையும் வாங்கலாமென அவனுக்குக் கற்பித்தனர் என்கின்றார் ஆசிரியர். அவனது வீழ்ச்சிக்கு வித்து உரோமிலிருந்து வந்தது என்பது நேர்மையான கண்டனமே. ஆயினும், இதன்வழி நுமீதிய மன்னன் உரோமின் நோயைக் காட்டும் கண்ணாடியாகச் சுருங்கிவிடுகின்றான். மிக்கிப்சா கி. மு. 118இல் இறந்தபின் நாட்டைக் கூறுபோட்டதில் உரோமுக்கிருந்த நலன், தன் நாடு பற்றி யுகுர்த்தா கொண்டிருந்த எண்ணம் ஆகியன விரிவாக ஆராயப்படவில்லை.

நூலில் இடம்பெறும் சொற்பொழிவுகளை நோக்குமிடத்து இவ்வுண்மை மேலும் துலங்கும். ஆபிரிக்க மன்னருள் நேர்கூற்றாக நீண்ட உரை பெறுவோர் மூவர்: உரோமரின் நட்பைப் பேணிய மிக்கிப்சா, செனற் சபையில் முறையிடும் அதெர்பல், மருமகனையே காட்டிக்கொடுத்த மொரித்தானிய மன்னன் பொக்கஸ். உரோமை எதிர்த்து நின்றவனுக்கோ அத்தகைய உரை ஒன்றேனும் இல்லை. கி. மு. 111இல் உரோம மக்கள் மன்றின்முன் அவன் நிறுத்தப்பட்டபோது, கையூட்டுப் பெற்ற மக்கட் பிரதிநிதி பேபியஸ் அவனைப் பேசாதிருக்குமாறு பணிக்கின்றான். அம்மௌனம் யுகுர்த்தாவுக்கு அன்று பயன்பட்டது. எனினும், நூல் முழுவதற்கும் அதுவே குறியீடாக அமைந்துவிட்டது எனலாம். அவன் சிறைப்பட்டு உரோமுக்குக் கொணரப்படுவதையும் மேரியசின் வெற்றி விழாவையும் கூறி முடியும் நூல், அவனது மரணத்தைக் கூறுவதில்லை.

நுமீதியர்க்குச் சொந்தக் குரலே இருக்கவில்லையோ எனின், அவ்வாறன்று. மன்னன் ஹியெம்சலுடையனவாகக் கருதப்பட்ட பியூனிக் மொழி நூல்களைத் தமக்கு மொழிபெயர்ப்பித்ததாகச் சலுஸ்துவே குறிப்பிடுகின்றார். அந்நூல்கள் இன்றில்லை. ஆயின் கல்லெழுத்து எஞ்சியுள்ளது. இன்றைய துனீசியாவிலுள்ள தூகா நகரத்தார், மிக்கிப்சாவின் பத்தாம் ஆட்சியாண்டில் அவன் தந்தை மசினிசாவுக்குக் கோயில் எடுத்தமையைப் பியூனிக், லிபிய மொழிகள் இரண்டிலும் பொறித்தனர். மன்னரின் குலமுறையும் நகர அலுவலரின் பதவிப் பெயர்களும் அதிற் காணப்படுகின்றன. உரோம ஆசிரியர் குதிரைவீரரையும் சூழ்ச்சியாளரையும் கண்ட இடத்தில், இக்கல்வெட்டு ஒழுங்குபட்ட நகராட்சியையும் முன்னோர் வழிபாட்டையும் காட்டுகின்றது.

இதனாற் சலுஸ்துவின் நூலைப் புறக்கணித்தல் தகாது. யுகுர்த்தாவின் போர்த்திறனை அவர் மறைத்தாரல்லர். அந்நூல் இல்லையேல் அம்மன்னன் நமக்கு வெறும் பெயரளவினனாகவே எஞ்சியிருப்பான். ஆனால், கலைநயம் மிக்க வரலாறு வாசகனை எளிதில் வசப்படுத்துவது. யார் பேசுகின்றனர் என்பதில் ஈடுபடும் நாம், யார் பேசவிடப்படவில்லை என்பதை மறந்துவிடுகின்றோம். தோற்றவரின் வரலாற்றை வென்றவரின் ஏட்டிற் கற்க நேரும்போது, அவ்வேட்டின் சொற்களோடு அதன் மௌனத்தையும் வாசித்தல் திறனாய்வாளனின் கடமையாகும்.