'லைன்' என்னும் சொல்லும் 'லயம்' என்னும் வழக்கும்

ஒரு மொழியில் மிகுதியாக வழங்கும் சொற்களே மிகுதியான பொருள்களைத் தாங்குகின்றன. ஆங்கிலப் பேரகராதிகளைப் புரட்டுவோர், அரிய பெருஞ்சொற்களுக்கு இரண்டொரு வரியும், 'செட்', 'ரன்' போன்ற சின்னஞ்சிறு சொற்களுக்குப் பக்கம் பக்கமாக விளக்கமும் இருக்கக் காண்பர். 'லைன்' என்பதும் அவ்வகைச் சொல்லே. மலேசியத் தமிழர் வாழ்வோடு அது கொண்ட தொடர்பை எண்ணின், ஏனையவற்றினும் அதுவே நம் ஆய்வுக்கு உரியதாகும்.

'லைன்' என்றால் என்னவென்று வினவின், 'கோடு' என மாணவர் உடனே விடை கூறுவர். கணக்குப் பாடத்தில் அது சரியே. ஆயின் துணி உலர்த்தும் 'லைன்' நமக்குக் கொடி, மீன் பிடிக்க உதவுவது தூண்டில் நரம்பு, உள்ளங்கையில் ஓடுவது ரேகை, முகத்தில் விழுந்தது சுருக்கம், செய்யுளில் அடி, உரைநடையில் வரி, புகைவண்டிக்கு இருப்புப்பாதை, அரச குலத்தில் மரபு, கடைமுன் நிற்போர்க்கு வரிசை. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் கையில் இவை யாவும் கோடாகவே முடியும்.

இப்பொருள்கள் தம்முள் தொடர்பற்றவை அல்ல. இலத்தீனில் ஆளிச்செடி நாரால் ஆன இழையைக் குறித்த சொல்லே இதற்கு மூலம். இழை நீள்வது, நேராக இழுத்துக் கட்டத்தக்கது, தொடர்ந்து செல்வது. இப்பண்புகளிலிருந்தே கோடும் கொடியும் மரபும் கிளைத்தன. தமிழிலும் இவ்வளர்ச்சியைக் காணலாம். 'நூல்' இழையையும் ஏட்டையும் குறிக்கும். பஞ்சை இழையாக நூற்பது போலச் சொற்களால் நூற்கப்படுவது என்றும், தச்சனின் நூல் மரத்தின் கோணலைத் தீர்ப்பது போல மனத்தின் கோணலைத் தீர்ப்பது என்றும் நன்னூல் அதற்கு விளக்கம் தருகிறது. 'கொடி'யோ படர்வதையும், துணி உலர்த்துவதையும், தொப்புள்கொடியையும் குறிப்பதோடு, 'கொடிவழி' என்னும்போது குலத் தொடர்ச்சியையும் உணர்த்துகிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஆங்கிலேயர் தம் ஆட்சிப் பகுதிகளில் படைவீரர் முதலியோரின் குடியிருப்புகளை 'லைன்ஸ்' என அழைத்தனர். தில்லியின் 'சிவில் லைன்ஸ்', சிங்கப்பூரின் 'சிப்பாய் லைன்ஸ்' என்னும் இடப்பெயர்கள் அதற்குச் சான்று. ரப்பர்த் தோட்டங்களில் தொழிலாளர்க்குக் கட்டிய நீண்ட வீட்டு வரிசைகளும் அப்பெயரே பெற்றன. அச்சொல்லை நம் முன்னோர் 'லயம்' ஆக்கிக்கொண்டனர். இலங்கை மலையகத்துத் தமிழரிடத்தும் 'லயம்', 'லயன்' என்பன வழங்குதல் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பால் வெட்டுவோர் தம் மரவரிசையை 'நிரை' என்னும் பழந்தமிழ்ச் சொல்லாலேயே வழங்கினர். மரவரிசைக்குத் தமிழ்ச்சொல் கைகொடுக்க, வீட்டு வரிசைக்கு மட்டும் அயற்சொல் வேண்டியிருந்தது ஏன்? வரிசையாகப் பயிரிடுதல் அவர்கள் ஊரிலேயே அறிந்த தொழில். ஒரே கூரையின்கீழ்ச் சுவரோடு சுவர் ஒட்டிய, தமக்கு உரிமையற்ற வீடோ தோட்ட முறையோடு வந்த புதுமை. ஆதலின் அப்பெயரும் அம்முறையோடே வந்தது என எண்ண இடமுண்டு.

'லயம்' கொச்சை என்றும், 'வரிசை வீடு' என எழுதுதலே தூய தமிழ் என்றும் கருதுவோர் உளர். மொழித்தூய்மை நாட்டம் போற்றத்தக்கதே. ஆயினும் இன்றைய தாமான்களில் உள்ள தொடர்வீடும் வரிசை வீடே அன்றோ? வேலை போனால் வீடும் போகும் என்னும் அச்சத்தோடு வாழ்ந்த வாழ்க்கையை அத்தொடர் உணர்த்தாது. கதைமாந்தர் வாயிலிருந்து 'லயத்தை' அகற்றுதல் அவர்தம் வரலாற்றையே திருத்துவதாகும்.

மற்றொரு குறை இதற்கு நேர்மாறானது. வடமொழிவழி வந்த 'லயம்' ஒடுக்கத்தையும் இசையின் கால ஒழுங்கையும் குறிக்கும். அப்பொருளை மட்டும் கற்ற மாணவர், கா. பெருமாளின் 'துயரப் பாதை', அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' போன்ற தோட்டப் புறத்து நாவல்களை அணுகும்போது, லயத்து வாழ்க்கை என்றதும் இனிய தாளத்தை நினைத்தல் கூடும்.

இம்மயக்கத்திற்கு மருந்து தொல்காப்பியத்திலேயே உள்ளது. பலபொருள் ஒருசொல்லை வினை, இனம், சார்பு ஆகியவற்றால் தெளியலாம் என்கிறார் ஆசிரியர். மா பூத்தது என்றால் மரம். மா ஓடிற்று என்றால் விலங்கு. அவ்வாறே, லயம் தவறிற்று என்புழி இசை; லயம் இடிக்கப்பட்டது என்புழி வீடு. தாளத்தோடு சேர்ந்தால் ஒன்று. கோயிலோடும் பள்ளியோடும் சேர்ந்தால் மற்றொன்று. திவாகர நிகண்டு தன் 12 தொகுதிகளுள் 11ஆம் தொகுதியை ஒருசொற் பல்பொருட்கே ஒதுக்கியதும் இத்தேவை கருதியே எனலாம்.

ஜொகூரில் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடந்தந்துவிட்டன. லயங்கள் மறைகின்றன, சொல்லும் உடன் மறையும் நிலை. ஆசிரியர்கள் 'லைன்' என்பதைக் கற்பிக்கும் நாளில் கோட்டோடு நின்றுவிடாமல், தாத்தா பாட்டியிடம் லயத்தைப் பற்றிக் கேட்டுவந்து பத்து வரி எழுதுமாறு மாணவரைப் பணித்தல் வேண்டும். அகராதி தாராத பொருளை அவர்கள் தரக்கூடும். கேட்பதற்கு இன்னும் காலம் இருக்கிறது, நெடுங்காலம் இல்லை.