கூஜா மூடியும் காளானும்

போர்க்கப்பல் பீரங்கி என்றதும் எல்லாரும் முன்பக்கத்து நெருப்பைத்தான் பார்ப்பார்கள். எனக்கு அதன் பின்பக்கம்தான் பிடிக்கும்.

ஒரு காலத்தில் குண்டையும் வெடிமருந்தையும் முன்வாய் வழியாகவே திணித்தார்கள். 1879 ஜனவரியில், மர்மரா கடலில், பிரிட்டனின் 'தண்டரர்' கப்பலில் ஒரு பீரங்கி வெடிக்காமல் போனதை யாரும் கவனிக்கவில்லை. கிடந்த குண்டின் மேலேயே இன்னொன்றை ஏற்றிச் சுட்டார்கள். 11 பேர் செத்தார்கள். பின்னால் திறக்கும் குழாயில் கிடப்பது கண்ணில் பட்டுவிடும்.

திறப்பது சுலபம், மூடுவதுதான் வித்தை. கூஜா மூடி மாதிரி திருகினால் உறுதிதான், ஆனால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மரையை இடைவிட்டுச் செதுக்கினால் மூடியை நேரே நுழைத்துச் சற்றே திருப்பிவிடலாம். அதில் பாதி மரை வீண். பிடிப்புப் போதாமல் மூடி நீண்டு கனத்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்வீடன்காரர் ஆக்செல் வெலின் மரையைப் படிப்படியாக உயர்த்தினார். குளத்துப் படிகளை உருளையில் சுற்றி வைத்தாற்போல இருக்கும். மூன்று படி, ஒரு வெற்றிடம். ஒரு படி அகலம் திருப்பினாலே முக்கால் சுற்றளவும் கவ்விக்கொள்ளும். இதைவிட அழகான எஃகுத் துண்டு எனக்குத் தெரியாது.

மரை தாங்கும், வாயுவை அடைக்காது. அதற்கு பிரெஞ்சு ராணுவ அதிகாரி டி பாஞ்சின் காளான். மூடியின் உள்முகத்தில் காளான் வடிவ எஃகு, அதன் பின்னே ஆஸ்பெஸ்டாஸும் கொழுப்பும் கலந்த வளையத் திண்டு. வெடிப்பு காளானைப் பின்னே தள்ளும். நசுங்கிய திண்டு பக்கவாட்டில் பிதுங்கி இடுக்கை அடைக்கும். அழுத்தம் ஏற ஏற அடைப்பும் இறுகும். திருடனையே காவலுக்கு வைத்த கெட்டிக்காரத்தனம்!

இரண்டும் கைகோத்து நின்றது அமெரிக்காவின் அயோவா வகைக் கப்பல்களில். 16 அங்குலப் பீரங்கி, 1,225 கிலோ கவசம் துளைக்கும் குண்டு, பின்னால் தலா 50 கிலோ மருந்துடன் ஆறு பட்டுப் பைகள். தள்ளியது ஒரு சங்கிலி. ஒரு பக்கம் மடங்கும், மறுபக்கம் கோலாய் விறைக்கும். குண்டை வேகமாக அடித்துத் தள்ள வேண்டும். அப்போதுதான் அதன் இடுப்புப் பட்டை ஆப்பு மாதிரி இறுகி, குழாய் நிமிரும்போது நழுவாது. பைகளையோ பதமாகத்தான் தள்ள வேண்டும். இத்தனையும் அரை நிமிடத்துக்குள்.

இவ்வளவு பெரிய ராட்சதனுக்கும் திரி கொளுத்தியது துப்பாக்கித் தோட்டா போன்ற சின்னப் பித்தளைக் குப்பி. கீழ்நோக்கித் திறந்து இறங்கும் மூடிக்கு அடியில் நிற்கும் ஓர் ஆள், ஒவ்வொரு முறையும் அதைக் கையாலேயே செருகுவார்.