சொல்லற்ற படங்களும் கற்பிட்டிக் கரையும்

கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் 'சிலோன் கசற்றியர்' என்னும் நூலை வெளியிட்டார். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்நூல் இலங்கையின் ஊர்களையும் துறைமுகங்களையும் விபரித்ததோடு, அங்கு வாழ்ந்தோரின் தொழில், வாணிபம், வழக்கங்கள் ஆகியவற்றையும் பதிவுசெய்தது. காலனித்துவச் சூழலிலே தோன்றிய நூலாயினும், ஓரிடத்தை விபரிப்பது அதன் மக்களையும் விபரிப்பதே என்ற எண்ணம் அதன் அமைப்பிலே பொதிந்திருந்தது. அதே கரையை இன்று உலகச் சந்தையில் விலைகூறும் ஆடம்பர விடுதிகளின் இணையத்தளங்களில் இவ்வெண்ணத்தைக் காண்டலரிது. அங்கே படங்கள் மலிந்துள்ளன, சொற்கள் அருகியுள்ளன.

இவ்வடிவம் கற்பிட்டியிலே தோன்றியதன்று. ஐரோப்பிய ஆடை, கைக்கடிகார, நகை நிறுவனங்கள் தம் பண்டங்களுக்கென வளர்த்தெடுத்த காட்சி இலக்கணத்தையே விடுதிகள் இரவல்பெற்றுள்ளன: திரையை நிறைக்கும் ஒளிப்படம், வெண்பின்னணியில் மெல்லிய சாம்பல்நிற எழுத்து, படத்தினுள்ளேயே பொறிக்கப்பட்ட வாசகம். பார்வையற்றவர் இணையத்தைத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையுடன் செவியாற் படிக்கின்றார். அம்மென்பொருள் படத்தோடு இணைத்து எழுதப்பட்ட மாற்றுரையையே வாசிக்கும். மாற்றுரை இல்லையெனின் 'படம்' என்று மட்டும் கூறும், அல்லது கோப்பின் பெயரை உச்சரிக்கும். பார்வை மங்கியோரின் பொருட்டு, சாதாரண அளவிலான எழுத்துக்கும் பின்னணிக்குமுள்ள ஒளிமாறுபாடு குறைந்தது 4.5:1 ஆக இருத்தல் வேண்டும் என்பது சர்வதேச நியமம். மெல்லிய சாம்பல் எழுத்து பல வேளைகளில் இதனை எட்டுவதில்லை. கை நடுக்கமுள்ளோர் சுட்டியை விடுத்து விசைப்பலகையால் இயங்குவர். திரையில் அவர் நிற்குமிடத்தைக் காட்டும் கோட்டினை, அழகு கெடுகின்றதென்று வடிவமைப்பாளர் அழித்துவிடுவதுமுண்டு. ஆடம்பரத் தளங்கள் மட்டுமே குற்றவாளிகளல்ல. 2025இல் வெப்எய்ம் என்னும் அமைப்பு பத்து இலட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்தபோது 94.8 வீதமானவற்றில் குறைகளைக் கண்டது. ஆனால் ஏனையோர் கவனயீனத்தாற் செய்வதை ஆடம்பரம் அழகியலெனச் செய்கின்றது.

மாற்றுரை எழுதுதல் ஓர் எழுத்துப்பணி. ஆதலின் அது திறனாய்வாளனுக்கும் உரிய விடயமாகின்றது. ஆலங்குடாக் கரையின் மாலைநேரப் படமொன்றை எண்ணிப் பார்ப்போம். வெண்மணல், தென்னை, அமைதியான கடல், மனிதர் இல்லை. மீனவர் வாடியும் கரைவலைக் கயிறும் காயும் கருவாடும் சட்டகத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளன. படம் எதனையும் வாய்திறந்து கூறாமையால் அதனை மறுத்தலும் அரிது. மாற்றுரை எழுத அமர்பவனோ ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தேயாக வேண்டும். 'ஆளில்லாக் கடற்கரை' என அவன் எழுதின் அது ஒரு கூற்றாகிவிடுகின்றது. கரைவலை இழுப்பவர் அதனைப் பொய்யென மறுக்கலாம். 14 தீவுகளை உள்ளடக்கிய கற்பிட்டிச் சுற்றுலாத் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, கடலுக்கும் கரைக்குமான தம் வழி அடைபடும் என மீனவர் எதிர்த்தமை இங்கு மனங்கொளத்தக்கது. பண்டத்தின் தோற்றம் அதன் பின்னாலுள்ள மனித உறவுகளை மறைப்பதை 1867இல் 'மூலதனம்' முதலாம் தொகுதியில் மார்க்ஸ் விளக்கினார். இத்தளங்களில் மறைப்பு இருமடங்காகின்றது: உழைப்பவர் படத்திலிருந்தும், பார்வையற்றவர் வாசகர் கூட்டத்திலிருந்தும் நீக்கப்படுகின்றனர். (இப்போது இயந்திரமே மாற்றுரை எழுதித்தருகின்றது. சட்டகத்தினுள் இருப்பதைத்தான் அதுவும் சொல்லும்.)

பல இலட்சம் ரூபா பெறும் கைப்பையை ஒருவரால் இணையத்தில் வாங்க முடியாமை வர்க்கப் பிரச்சினையா என நண்பர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆனால் விடுதியின் முன்பதிவுப் பகுதியில் தொழில் தேடும் பார்வையற்ற இளைஞரையும் இதே தளமும் அதனோடிணைந்த மென்பொருளும் வெளியே நிறுத்துகின்றன. அன்றியும் மேட்டுக்குடியின் வடிவம் மேட்டுக்குடியோடு நின்றுவிடுவதில்லை. வங்கிப் படிவமும் வைத்தியசாலைப் பதிவும் அதனையே பின்பற்றத் தலைப்படுகின்றன. இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அணுகலைப் பற்றிப் பேசுமிடத்துக் கட்டடங்களையும் இடங்களையுமே குறிப்பிட்டது. 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐ.நா. சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை தகவல் தொழில்நுட்பத்தையும் உள்ளடக்குகின்றது. 2025 ஜூன் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்துள்ள அணுகல் சட்டம், ஆடம்பர நிறுவனங்களின் இணைய விற்பனையையும் கட்டுப்படுத்துகின்றது. இது முன்னேற்றமே. எனினும் நுகர்வோர் என்ற வகையிலேயே அங்கு உரிமை வந்துசேர்கின்றது. தளத்தை ஆக்கும் கூடத்தில் மாற்றுத்திறனாளிக்கு இடமுண்டா என்பது அச்சட்டத்தின் வினா அன்று.

முற்போக்காளர் இவ்விடயத்திற் பிறரை மட்டும் சாடி அமைதல் இயலாது. ஈழத்துத் தமிழ் ஏடுகளும் ஆய்விதழ்களும் நெடுங்காலம் பாமினி எழுத்துருவில் தட்டச்சாயின. அவ்வெழுத்துரு ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்திய ஒன்று. 'அம்மா' எனக் கண்ணுக்குத் தெரிவது கணினிக்கு 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' ஆகும். திரைவாசிப்பானும் அதனையே வாசிக்கும். உழைக்கும் மக்களின் இலக்கியம் பற்றிய கட்டுரையொன்று பார்வையற்ற தமிழ் மாணவரின் செவியை இவ்வாறு அடைந்தால், அதனை ஆடம்பரத் தளத்திலிருந்து எவ்வாறு வேறுபடுத்துவது? நிறுவனங்களிடம் பணமுண்டு, மனமில்லை எனலாம்; இங்கே பணமும் பெரிதாகத் தேவைப்படவில்லை. பாமினியை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் மெய்ப்புப் பார்த்தலும், வரைபடங்களுக்கும் ஒளிப்படங்களுக்கும் மாற்றுரை எழுதுதலுமே எஞ்சியுள்ள வேலை. அதனைப் பழைய இதழ்களிலிருந்தே தொடங்கலாம்.