மின்சாரக் கார்களும் தீ விபத்துச் செய்திகளும்

விருதுநகர் மாவட்டத்தில் எந்தப் பட்டாசு ஆலை வெடித்தாலும், "சிவகாசி வெடி விபத்து, உராய்வே காரணம்" என்று செய்தி பெரும்பாலும் முடிந்துவிடும். 2021 பிப்ரவரி 12 அன்று வெடித்த ஆலை சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருந்தது. அது உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. 'உராய்வு' என்ற ஒரு சொல் இத்தகைய காரணங்களை மறைத்துவிடுகிறது.

மின்சாரக் கார்களைப் பற்றிய செய்திகளிலும் இதே குறை உண்டு. 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்து தந்தையும் மகளும் இறந்தனர். இத்தகைய விபத்துகள் 'மின்வாகனம்' என்ற பொதுப்பெயரில் வரும்போது, ஸ்கூட்டரின் மீதான அச்சம் காரின் மீதும் படிகிறது. 2023 ஜூலையில் நெதர்லாந்து அருகே ஃப்ரீமாண்டில் ஹைவே என்ற சரக்குக் கப்பல் எரிந்தபோது, மின்சாரக் கார் மீதே பல ஊடகங்கள் சந்தேகம் எழுப்பின. ஆனால் அதிலிருந்த சுமார் 500 மின்சாரக் கார்கள் கீழ்த்தளங்களில் நல்ல நிலையில் இருந்ததாக மீட்பு நிறுவனம் பின்னர் அறிவித்தது.

குறைகளைச் சொல்லத்தான் வேண்டும். 2022 விபத்துகளுக்குப் பின்னரே இந்தியாவில் பேட்டரி பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. ஆனால் எரிந்தது எந்த வாகனம், எதனால், எத்தனையில் எத்தனை என்று சொல்லாத செய்தி பீதியைத் தருமே தவிர, எச்சரிக்கை ஆகாது.